எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது: ரத்தசோகையா, தன்னியக்க நரம்புக் கோளாறா, இரண்டுமா?

திருமங்கலம் ஆசிரியர்:

என் தந்தைக்கு வயது 66. சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஆறு மாதங்களாக, காலையில் கட்டிலை விட்டு எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். இரண்டு முறை திண்ணையிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இரண்டாம் முறை புருவத்தில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அப்போது பார்த்த மருத்துவர் ரத்தம் பரிசோதித்து, ஹீமோகுளோபின் 9.8 கிராம் என்று வந்ததும், "ரத்தம் குறைவு, அதனால்தான் தலைசுற்றல்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். மலம் கறுத்தது, மலச்சிக்கல் கூடியது, ஆனால் ஹீமோகுளோபின் 9.9இல் நிற்கிறது. மயக்கமும் குறையவில்லை.

இதற்கிடையில் வேறொரு மருத்துவர், நீண்ட காலச் சர்க்கரையால் தன்னியக்க நரம்புகள் கெட்டிருக்கலாம் என்று ஒரு வரி சொல்லி அனுப்பினார். என் கேள்வி இதுதான்: ரத்தசோகையால் மயக்கம் வருகிறதா, நரம்பால் மயக்கம் வருகிறதா, அல்லது இவ்விரண்டுக்கும் உள்ளே ஏதேனும் தொடர்பு இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்களும் படித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உசிலம்பட்டிப் பெரியவர்:

தம்பி, மாத்திரையை நம்பி நான்கு மாதத்தை வீணாக்கிவிட்டீர்கள். முருங்கைக்கீரையை வாரம் நான்கு நாள் பொரியலாகவும், கேழ்வரகுக் களியை இரவிலும் கொடுங்கள். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் நரம்பு, நாடி என்று யாரும் பேசியதில்லை. கிறுகிறுப்பு என்றால் உடம்பில் ரத்தம் இல்லை என்று பொருள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

பெரியவர் சொல்லும் கீரை நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவே இல்லாதவருக்கு இரும்பை மாத்திரையாகக் கொடுத்தாலும் கீரையாகக் கொடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறாது. ஆசிரியர் ஐயா, உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தீர்களா? பார்க்காமல் நான்கு மாதம் மாத்திரை கொடுத்திருந்தால், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, செலவே இல்லாத ஒரு சோதனை. முப்பத்து நான்கு ஆண்டு வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், மயக்கம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உட்கார்ந்த நிலையில் ஒரே ஒரு முறை பி.பி. பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. தந்தையை ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, பி.பி.யையும் நாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி இரண்டையும் குறியுங்கள். அருகில் ஒருவர் அவரைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். ஆனால் அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமானது நாடி. அழுத்தம் விழும்போது நாடி எவ்வளவு ஏறியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் இங்கே போடுங்கள். சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, எல்லாம்.

உடலியங்கியல் கற்பிப்பவன்:

செவிலியர் அம்மா நாடியைக் கேட்டதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த இழையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைச் சில நொடிகளுக்குள் கண்டுகொண்டு, ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. அங்கிருந்து, தன்னியக்க நரம்புகளில் உடலை முடுக்கிவிடும் பிரிவான பரிவு நரம்புகளுக்கு ஆணை போகிறது. நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்து ரத்த நாளங்கள் இறுகுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. இவ்வளவும் நாம் அறியாமலே நடக்கிற வேலை என்பதால்தான் அதற்குத் தன்னியக்கம் என்று பெயர்.

ரத்தசோகையில் இந்த நரம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. ரத்தம் நீர்த்திருக்கிறது, அது சுமக்கும் ஆக்சிஜன் குறைவு, ஆகவே நரம்புகள் வழக்கத்தைவிட மும்முரமாக வேலை செய்கின்றன. படபடப்பு வருகிறது, நாடி எகிறுகிறது. நரம்பே கெட்டவருக்கு அழுத்தம் விழும், நாடி ஏறாது, அல்லது பெயருக்கு ஏறும். மருத்துவர்கள் இதை ஒரு சிறு வகுத்தலாகப் பார்க்கிறார்கள்: நாடி ஏறிய எண்ணிக்கையை, மேல் அழுத்தம் விழுந்த எண்ணால் வகுத்து, விடை 0.5க்குக் கீழே இருந்தால் நரம்பின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

ஆக, அறிகுறி ஒன்றுதான், உள்ளே நடப்பது நேர் எதிர். கண் இருட்டுகிறது என்ற ஒரு சொல்லை வைத்து ஹீமோகுளோபின் காகிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது எவ்வளவு அவசரம் என்பது இப்போது விளங்கும்.

மேலூர் அம்மா:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும், என் மகளின் கதை இதன் மறுபக்கம் என்பதால் எழுதுகிறேன். அவளுக்கு வயது 19, மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். பேருந்தில் நின்றுகொண்டு வந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை கால் நடுங்குகிறது, வியர்த்துவிடுகிறது. கைப்பேசியில் தேடிப் பார்த்து, நின்றால் நாடி எகிறும் "பாட்ஸ்" என்ற தன்னியக்கக் கோளாறு தனக்கு இருப்பதாக அவளே முடிவு செய்துவிட்டாள். அதற்கான அளவும் பொருந்தியது என்பதுதான் எங்களைக் குழப்பியது. படுத்திருக்கும்போது நாடி 84, நின்று ஐந்தாம் நிமிடம் 126. பி.பி. விழவில்லை. இரண்டு மாதம் உப்பும் தண்ணீருமாகக் குடித்துக்கொண்டிருந்தாள், படிப்பில் மனம் செல்லவில்லை.

பிறகுதான் ஒரு மகப்பேறு மருத்துவர், மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அவளும் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 8.7, ஃபெரிட்டின் 6. மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது. நின்றால் நாடி 100க்கு மேல் போவதில்லை. அவளுக்கு இருந்தது நரம்பு நோய் அல்ல.

உடலியங்கியல் கற்பிப்பவன்:

அம்மா, மிகச் சரியான எடுத்துக்காட்டு. நீங்கள் சொல்லும் நோய்க்கு இலக்கணமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30க்குக் குறையாமல் ஏற வேண்டும், 12 முதல் 19 வயது வரை 40க்குக் குறையாமல் ஏற வேண்டும், பி.பி. விழக்கூடாது, தொந்தரவு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அத்துடன் ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு, நீரிழப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யப்பட வேண்டும். உங்கள் மகள் முதல் பாதியைப் படித்துவிட்டுக் கடைசி நிபந்தனையைத் தாண்டிப் போய்விட்டாள். இணையத்தில் பலரும் அப்படித்தான் போகிறார்கள்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்து ஏறிய பிறகும் சிலருக்கு நாடி எகிறுவது தொடர்கிறது. அவர்களுக்கு உண்மையிலேயே அந்தக் கோளாறு இருந்து, இரும்புக் குறைவு அதைக் கூட்டிக் காட்டியிருக்கும். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை என்பது நல்ல செய்தி.

ஓய்வுபெற்ற செவிலியர்:

மேலூர் அம்மா சொன்னதை நம் ஊர்ப் பெண்கள் அனைவரும் படிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்று, வேறெந்த நோயோடு சேர்ந்து வந்தாலும் அந்த நோயின் முகத்தை மறைத்துவிடும். ரத்தசோகை இருப்பதாலேயே வேறு நோய் இல்லை என்று முடிவு செய்வதும், மகள் செய்ததுபோல ரத்தசோகையைத் தேடாமலே வேறு நோயைச் சூட்டிக்கொள்வதும், இரண்டும் இங்கே தினமும் நடக்கின்றன.

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சோற்றோடு சேர்த்து டீ குடிப்பதை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். வயலில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள் கொக்கிப்புழுவையும் நினைவில் வைக்க வேண்டும். அது குடலில் இருந்தபடியே நாள்தோறும் ரத்தம் குடிக்கும்.

திருமங்கலம் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. பழைய காகிதங்களைத் தேடி எடுத்தேன். ஃபெரிட்டின் சென்ற வாரம்தான் பார்த்தோம்: 186. அதாவது இரும்பு கிடங்கில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. சிவப்பணுவின் அளவு இயல்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் போகிறது.

நேற்றுக் காலை செவிலியர் அம்மா சொன்னபடியே அளந்தோம். படுத்த நிலையில் 158/84, நாடி 92. நின்ற ஒன்றாம் நிமிடம் 128/72, நாடி 95. மூன்றாம் நிமிடம் 118/66, நாடி 96. மூன்றாம் நிமிடத்தில் அவரே "போதும்டா, உட்கார வை" என்று சொல்லிவிட்டார்.

மேல் அளவு 40 விழுந்திருக்கிறது, நாடி நான்குதான் ஏறியிருக்கிறது. வகுத்தால் 0.1. கணக்கு ஆசிரியனாகிய எனக்கு இந்த வகுத்தல் இப்படி வயிற்றைக் கலக்கும் என்று நினைக்கவில்லை.

மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 14 ஆண்டுகளாக, அத்துடன் கிளிமிப்பிரைடு, பி.பி.க்கு டெல்மிசார்ட்டான், இரவில் சிறுநீர் தாராளமாக இறங்குவதற்கு டாம்சுலோசின்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

இந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களை வட்டமிடுங்கள். டாம்சுலோசின் புராஸ்டேட் சுரப்பிக்கான மாத்திரை. ஆனால் அது தடுப்பது, பரிவு நரம்பின் கட்டளையை வாங்கும் ஆல்ஃபா ஏற்பிகளை. சிலருக்கு ரத்த நாளங்களும் தளர்ந்து, எழும்போது மயக்கம் வரும். ஏற்கெனவே நரம்பு தளர்ந்திருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 உடம்பில் சேர்வது குறைகிறது. அளவு பார்த்தே ஆக வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த எண்களையும் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

இன்னும் மூன்று கேள்விகள். சாப்பிடும்போது அவருக்கு முகமும் தலையும் மட்டும் வியர்க்கிறதா? கால்கள் வறண்டு கிடக்கின்றனவா? நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா?

உசிலம்பட்டிப் பெரியவர்:

அம்மா, அந்த டாம்சுலோசின் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். இரவில் மூன்று முறை எழுகிறேன். சென்ற மாதம் கொல்லைப்பக்கம் போகையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயதாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. கீரை தவறாமல் சாப்பிடுகிறேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

ஐயா, நீங்களும் அளந்து பாருங்கள். இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு, பிறகு எழுங்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு எழுங்கள்.

வாடிப்பட்டி வழக்கறிஞர்:

நான் மருத்துவம் படித்தவனல்லன், ஆயினும் வாதத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது. ஆசிரியரின் தந்தைக்கு நரம்புக் கோளாறும் ரத்தசோகையும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா? வயதும் சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்து இரண்டையும் தனித்தனியே கொடுத்திருக்கலாமே. "தொடர்பு" என்ற சொல்லை இந்த இழையில் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்குச் சான்று என்ன?

உடலியங்கியல் கற்பிப்பவன்:

கேட்க வேண்டிய கேள்வி. சற்று நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. ஆனால் எவ்வளவு உருவாக வேண்டும் என்ற கட்டளையைப் பெரும்பாலும் சிறுநீரகம் இடுகிறது. அங்குள்ள சில செல்கள் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வித்தையைக் கண்டறிந்ததற்காகத்தான் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. சிறுநீரகத்துக்குப் பரிவு நரம்புகளும் போகின்றன. அவற்றின் தூண்டுதல் எரித்ரோபாய்டின் சுரப்புக்கு ஊக்கம் தருகிறது என்று கருத இடமிருக்கிறது. அப்படியானால் பரிவு நரம்புகள் செத்துப்போனவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், கட்டளை பலவீனமாகத்தானே போகும்?

இதைச் சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தால் உங்கள் ஆட்சேபம் அப்படியே நிற்கும். சர்க்கரையே சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கலாம். அதனால் சர்க்கரை இல்லாமல் தன்னியக்க நரம்பு மட்டும் செயலிழந்தவர்களைப் பார்க்க வேண்டும். 1925இல் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளை முதலில் விவரித்தார்கள். 1994இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, 38 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. நார்அட்ரினலின் குறைவாக இருந்தவர்களுக்கே ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தது. ரத்தம் அவ்வளவு குறைந்திருந்தும் எரித்ரோபாய்டின் அதற்கேற்ப உயரவில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைச் செலுத்தியதும் ஹீமோகுளோபின் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான இன்னொரு சிறு ஆய்வில், இதே ஊசி போட்டவர்களுக்கு, நிற்கும்போது விழும் அழுத்தமும் மேம்பட்டது.

ஆய்வுகள் சிறியவை, ஏனென்றால் நோயே அரிது. ஆனால் நீங்கள் நீதிமன்றத்தில் கேட்பீர்களே, சம்பவ இடத்தில் இருந்தாரா, கருவி கையில் இருந்ததா, கருவியைப் பிடுங்கியதும் குற்றம் நின்றதா என்று. ஏறத்தாழ அந்த மூன்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிலும், தன்னியக்க நரம்பு கெட்டவர்களுக்குச் சிறுநீரகம் பெரிதாகப் பழுதாவதற்கு முன்பே எரித்ரோபாய்டின் குறைந்து ரத்தசோகை வருவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

பி12 என்பது வேறொரு பாதை. அது குறைந்தால் ரத்தசோகையும் வரும், நரம்பும் கெடும், தன்னியக்க நரம்பும் அதில் தப்பாது. அங்கே ஒன்று மற்றதற்குக் காரணம் அன்று. இரண்டுக்கும் ஒரே தாய். ரத்தசோகை தலைகாட்டாமலே பி12 குறைவு நரம்பைக் கெடுப்பதும் உண்டு. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், நரம்பு தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகும். இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள்.

வாடிப்பட்டி வழக்கறிஞர்:

ஏற்கத்தக்க பதில். "தொடர்பு" என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு உறவுகள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்கிறேன்: ரத்தசோகை நரம்புக் கோளாறைப்போல வேடம் போடுவது, நரம்புக் கோளாறே ரத்தசோகையை உண்டாக்குவது, மூன்றாவதான ஒன்று இரண்டையும் பெற்றெடுப்பது.

ஆய்வுக்கூடக்காரர்:

இருபது ஆண்டுகளாக ரத்தம் எடுக்கிறவன் என்ற முறையில், யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். அதே மனிதர், அதே நாள், ஆனால் நெடுநேரம் படுத்திருந்தபின் எடுத்த ரத்தத்துக்கும் நின்றுகொண்டிருந்தபின் எடுத்த ரத்தத்துக்கும் ஹீமோகுளோபின் ஒன்றாக இருக்காது. அரை மணி நேரம் நின்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து திசுக்களுக்குள் போய்விடுகிறது, சிவப்பணு செறிவாகிறது. படுத்தால் அந்த நீர் திரும்புகிறது, ரத்தம் நீர்த்துவிடுகிறது. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு வரை வரலாம். மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் "ஒரே ராத்திரியில் ரத்தம் குறைந்துவிட்டதே" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தன்னியக்கக் கோளாறுக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்து கொடுத்தாலும் உடம்பில் நீர் தேங்கி, ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்து காட்டும்.

ஆகவே ஒப்பிட வேண்டுமானால் எப்போதும் ஒரே நிலையில், உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ரத்தசோகை இருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவையும் முழுதாக நம்ப வேண்டாம். இரும்போ பி12ஓ குறைந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர்:

செவிலியர் அம்மா கேட்ட மூன்றுக்கும் பதில் ஆம் என்பதே. சாப்பாட்டு இலையின் முன் உட்கார்ந்தால் முகத்தில் வியர்வை கொட்டும். "காரம் ஜாஸ்தி" என்று அம்மாவைத் திட்டுவார். இத்தனை நாள் அம்மாதான் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். அது காரமல்ல, நரம்பு என்று இப்போது சொன்னால் அம்மா முதலில் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் காட்டினோம். நீங்கள் அளக்கச் சொன்ன எண்கள் அடங்கிய தாளைக் கொடுத்தபோது அந்த இளம் மருத்துவர் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, தானும் ஒருமுறை படுக்க வைத்து, நிற்க வைத்து அளந்தார். ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லி இ.சி.ஜி. எடுத்தார், இயல்பான மனிதருக்கு மூச்சோடு நாடி கூடிக் குறையுமாம், தந்தைக்கு அது கடிகாரம்போல ஒரே சீராக இருந்தது. பி12 அளவு 164, இயல்புக்குக் கீழே. குடலில் ரத்தக் கசிவு உண்டா என்று மலமும் பரிசோதித்தார்கள், இல்லை. இரும்பு மாத்திரையை நிறுத்தினார்கள், பி12 ஊசி தொடங்கினார்கள், சிறுநீரக இயல் மருத்துவருடனும் புராஸ்டேட்டுக்கு எழுதியவருடனும் பேசி டாம்சுலோசினை மாற்றினார்கள்.

எரித்ரோபாய்டின் ஊசி போடலாமா என்று நானே கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். ஹீமோகுளோபின் அந்த அளவுக்குத் தாழவில்லை, படுத்தால் 158 இருக்கும் பி.பி. அந்த ஊசியால் இன்னும் ஏறும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு என்று விளக்கினார்.

மேலூர் அம்மா:

உப்பைக் கூட்டச் சொன்னார்களா? என் மகளுக்கு அப்படித்தான் இணையத்தில் போட்டிருந்தது.

ஓய்வுபெற்ற செவிலியர்:

இவர் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. நின்றால் விழும் அழுத்தம், படுத்தால் ஏறி நிற்கிறது. சிறுநீரில் ஆல்புமினும் போகிறது. இப்படிப்பட்டவருக்கு உப்பைக் கூட்டுவது மருத்துவர் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

வீட்டில் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள்; இரவில் அழுத்தம் மிகையாக ஏறுவதும், சிறுநீராக நீர் வெளியேறிவிடுவதும் குறையும். பகலில் மல்லாந்து படுக்க வேண்டாம், சாய்வு நாற்காலி போதும். எழுவதற்கு முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர், ஏறத்தாழ அரை லிட்டர், மடமடவென்று குடிக்கட்டும். தன்னியக்க நரம்பு செயலிழந்தவர்களுக்கு இது மட்டுமே மேல் அளவை 30 வரை உயர்த்தியதாக அளந்து எழுதியிருக்கிறார்கள். எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் என்று என் அப்பத்தா விரட்டுவார், அவருக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்காது. வயிற்றைச் சுற்றி இறுக்கமான பட்டை கட்டுவதும் உதவும். வயிறு புடைக்கச் சோறு உண்டால் ரத்தம் குடலுக்குப் போய் அழுத்தம் விழும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுங்கள்.

வெயிலில் தோலின் நாளங்கள் விரிந்து நிலைமை மோசமாகும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவர் கட்டாயம் போவேன் என்பார். கூட்டத்தில் நிற்க விடாதீர்கள்.

வாடிப்பட்டி வழக்கறிஞர்:

அழகரைப் பார்க்கும் கூட்டத்தில் ஆண்டுதோறும் சிலர் மயங்கி விழுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்த நரம்பு நோயா?

உடலியங்கியல் கற்பிப்பவன்:

இல்லை. வெயிலில் பட்டினியோடு நெடுநேரம் நிற்கும்போது, நலமான நரம்புகளே ஒரு கணம் தவறாக ஆணையிட்டு, நாடியையும் அழுத்தத்தையும் சேர்த்து இறக்கிவிடுகின்றன. கீழே படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடுவார்கள். ரத்தசோகை இருந்தால் அது எளிதில் வரும். ஆசிரியரின் தந்தைக்கு இருப்பது நாள்தோறும், ஒவ்வொரு முறை எழும்போதும் நடப்பது.

திருமங்கலம் ஆசிரியர்:

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஹீமோகுளோபின் 10.7. ஆய்வுக்கூடக்காரர் சொன்னபடி உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்தே எடுத்தோம். நிற்கும்போது மேல் அளவு இன்னமும் 22 விழுகிறது, ஆனால் 40 இல்லை. நாடி ஏறுவது அப்படியேதான் இருக்கிறது. கெட்ட நரம்பு திரும்பாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். பி12ஆல் எவ்வளவு, மாத்திரை மாற்றியதால் எவ்வளவு, செங்கல்லால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மிச்சமுள்ள ரத்தசோகைக்கு எரித்ரோபாய்டின் குறைவே காரணம் என்று கருதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப் போகிறார்கள்.

அதன்பின் அவர் விழவில்லை. காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே அரை லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். அம்மா குழம்பில் பழையபடி காரம் போடத் தொடங்கிவிட்டார்.

உசிலம்பட்டிப் பெரியவர்:

என் அளவு: படுத்து 142, நின்று 116. நாடி 70லிருந்து 88. தாளில் எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறேன். 18ஐ 26ஆல் வகுத்தால் எவ்வளவு என்று ஆசிரியர் தம்பி சொல்ல வேண்டும்.

திருமங்கலம் ஆசிரியர்:

ஏறத்தாழ 0.7, ஐயா. உங்கள் நாடி ஓரளவு ஏறியிருக்கிறது. மாத்திரைப் பட்டியலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.